உல்டாவாகச் சுற்றிய ட்ரில்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: பல் டாக்டரம்மா. அவருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் பெண். என் மனைவி. அவள் தம்பி. வாயைப் பிளந்துகொண்டு நான்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு செல்போன் கடைக்கு மேலே கிளினிக். மனைவிக்கு ரத்தம் ஆகாது. கதவோரம் கண்ணை மூடி நின்றாள். மச்சானை யாரும் கூப்பிடவில்லை. வல்லம் வடகாலில் ஒரு ஃபேக்டரியில் ட்ரில்லிங் மெஷின் ஓட்டுகிறவன். மாமா எலும்பில் ஓட்டை போடப் போகிறார்கள் என்று கேட்டதும் லீவு போட்டுவிட்டு வந்தான். அக்கா கல்யாணத்துக்கே அரை நாள்தான் போட்டவன்.

பல் போனது ஆயுத பூஜையில். என் கம்பெனி கொடுத்த பொரியில் ஒரு கல். கம்பெனி கொடுத்ததில் கெட்டியாக இருந்தது அது ஒன்றுதான். மேல் முன்பல் உடைந்தது. பிடுங்கிவிட்டு அப்படியே விட்டேன். கம்பெனியில் என் லைன் ஆட்கள் டோல்கேட் என்று பெயர் வைத்தார்கள். பல் இல்லாத இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகும் என்று யாரும் சொல்லவில்லை. பெயர் வைக்கத்தான் ஆள் இருந்தது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார்.

"எலும்பு ரொம்ப ஒல்லியா இருக்கு. சாதா ட்ரில் போட்டா இருக்கறதையும் சுரண்டிடும். இது வேற மாதிரி பண்ணணும். கடைசியா புதுப் பல்லுக்கு வேரா வைக்கற ஸ்க்ரூவை முடுக்கும்போது ஸ்பேனர்ல குறைஞ்சது முப்பது காட்டணும். காட்டலன்னா கழட்டிட்டு, கீழ்த்தாடையிலேர்ந்து எலும்பு வெட்டி இங்க ஒட்டணும்."

எனக்கு அதில் விருப்பமில்லை. கீழ்த்தாடையாவது முழுசாக இருக்கட்டும்.

ஊசி போட்டார்கள். மரத்துப்போனது. ட்ரில் இறங்கியது. தண்ணீர் பீய்ச்சியது.

"கூலன்ட் நல்லா வருது," என்றான் மச்சான், சர்டிபிகேட் கொடுப்பவன்போல.

டாக்டர் பிட்டை மாற்றினார். ஒரு பட்டனை அழுத்தினார். மெஷின் திரையில் அம்புக்குறி எதிர்ப்பக்கம் திரும்பியது.

மச்சான் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது தப்பாக ஓடினால் கேட்காதே, முதலில் நிறுத்து. பெரிய போர்டே வைத்திருக்கிறார்கள். நிறுத்தினால் சூப்பர்வைசர் திட்டுவார். அது போர்டில் இல்லை. மச்சான் போர்டை நம்புகிறவன். நேராகப் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தான்.

விளக்கு போனது. ட்ரில் நின்றது. என் எலும்புக்குள்ளேயே நின்றது.

"யாருப்பா அது?"

"மேடம், ட்ரில்லு உல்டாவா சுத்துது. நான் மட்டும் பாக்கலன்னா மாமா வாய் இன்னாத்துக்கு ஆவும்?"

"டேய், இன்னாடா பண்ணிக்கினு கீற?" மனைவி கண்ணைத் திறக்காமலே கத்தினாள்.

டாக்டர் கையை எடுக்காமல் பேசினார். "உல்டாவாதான் சுத்தணும். நேரா சுத்தினா எலும்பைச் சீவி வெளிய தள்ளிடும். உல்டாவா சுத்தினா சீவாது. பக்கவாட்டுல அமுக்கும். ஓட்டையைச் சுத்தி எலும்பு கெட்டியாகும்."

"அப்போ சீவுன சிப்ஸே வெளிய வராதா?"

"வந்தா இவருக்கு எலும்பு ஏது? சுவிட்சைப் போடுங்க சார்."

போட்டான். அந்த 'சார்' அவனுக்கு வலித்தது. நான் வாயைத் திறந்தபடியே இருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கம்பெனி மீட்டிங்கிலும் அப்படித்தான்.

ட்ரில் மறுபடி உல்டாவாகச் சுற்றியது. பிறகு ஸ்க்ரூ இறங்கியது. டாக்டர் கோடும் முள்ளும் வைத்த சின்ன ஸ்பேனரை மாட்டி முடுக்கினார். மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"பத்து," என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. "இருவது."

முள் அங்கேயே நின்றது. டாக்டரும் நிறுத்தி மூச்சு விட்டார். நான் கீழ்த்தாடையை நினைத்துக்கொண்டேன். மனைவி கண்ணைத் திறந்தாள்.

"எவ்ளோடா?"

மச்சான் திரும்பிக்கொண்டு சுவர் சுவிட்சைப் பார்த்தான். டாக்டர் இன்னொரு முடுக்கு முடுக்கினார். கருவி எடுத்துக் கொடுக்கும் பெண்தான் குனிந்து படித்தாள்.

நாற்பது.