வெள்ளிக்கிழமைப் பாட்டு

தெருமுனையில் துணி தேய்க்கும் அந்த அம்மாளுக்கு ஊர் வைத்த பெயர் ஸ்தோத்திரம். இஸ்திரிப்பெட்டி விரலைச் சுட்டாலும் ஸ்தோத்திரம் என்பாள், துணி கொடுத்தவர் ஏசினாலும் அதையேதான் சொல்வாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கேலிப் பெயரையே சொந்தப் பெயராக வைத்துக்கொண்டாள்.

பட்ட காலிலேயே படும் என்பது அவள் விஷயத்தில் சத்தியம். கட்டட வேலையில் சாரம் சரிந்து புருஷன் செத்தான். சாமியை மாற்றிக்கொண்டவளுக்கு இதுதான் கூலி என்று கூடப் பிறந்த அண்ணனே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு எட்டிப் பார்க்கவில்லை. அன்றும் அவள் முழங்காலில் நின்றாள். அழுதாள், ஆண்டவரோடு சண்டையும் போட்டாள். காரியம் முடிந்த கையோடு இஸ்திரிப்பெட்டியில் கரி அள்ளிப் போட்டாள்.

வெள்ளிதோறும் அவளுடைய ஒற்றை அறையில் நாலைந்து பெண்கள் ஜெபத்துக்குக் கூடிப் பாடுவார்கள். அதுதான் அவளுக்கு மூச்சு. மாடியில் குடியிருந்த பழைய லாரி டிரைவருக்கோ அது பாகற்காய். வீட்டு ஓனரிடம் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக் கொடுத்தார். இன்னொரு தடவை பாட்டுச் சத்தம் கேட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகளோடு அவள் எங்கே போவாள்?

கூட்டத்தை விட்டுவிடலாம் என்றார்கள் மற்றவர்கள். அவள் ஒப்பவில்லை. அடுத்த வெள்ளி முதல் வெறுமனே வாயசைத்துப் பாடினார்கள். கைகள் ஒன்றையொன்று தொடாமல் தட்டின. மூத்த மகள் சிரிப்பை அடக்கமாட்டாமல் தலையணையில் முகம் புதைத்தாள். ஸ்தோத்திரம் மட்டும் ஒரு சரணம் விடாமல், கண்ணீர் வழியப் பாடி முடித்தாள். மாதக்கணக்கில் இப்படியே நடந்தது.

ஒரு வெள்ளி கதவு தட்டப்பட்டது. டிரைவர் நின்றார். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கிறதா இந்த மனுஷனுக்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாட்ட ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"நீங்கதானேய்யா நிறுத்த வச்சீங்க."

அவர் தலை தானாகக் குனிந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவர் மனைவி வெள்ளிதோறும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறாளாம். அந்தப் பாட்டில்தான் அவளுக்கு வலி மறக்குமாம். அதைப் புருஷனிடம் சொல்ல இத்தனை நாள் பயமாம்.

"சத்தமாப் பாடுங்கம்மா. ஓனர நான் பாத்துக்கறேன்."

ஸ்தோத்திரம் ஜன்னலை விரியத் திறந்தாள். தொண்டையில் அடைந்து கிடந்ததெல்லாம் மடை உடைத்துக்கொண்டு வந்தது. தெருவே நின்று திரும்பிப் பார்த்தது. சிறிது நேரத்தில் ஓனர் மூச்சிரைக்க ஓடி வந்தார். டிரைவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மேல என் சம்சாரம் கேட்டுக்கிட்டிருக்கா சார். பாட்டு முடியட்டும், பேசலாம்."

உள்ளே ஸ்தோத்திரம் அடுத்த பாட்டை எடுத்துவிட்டாள்.