உப்பு வரியின் மேல் ஒட்டிய விலைச்சீட்டு

என் மனைவியை ஏமாற்றி உப்பைத் தின்ன வைத்தவன் நான். தெரியாமல் அல்ல... தெரிந்தே!

பழியைக் கடைக்காரன் மேலும் கம்பெனிக்காரன் மேலும் போட்டுத் தப்பிக்க எனக்கு எல்லா வசதியும் இருந்தது. கோழி இறைச்சிப் பாக்கெட்டின் பின்பக்கத்தை நீங்கள் என்றாவது படித்திருக்கிறீர்களா? எறும்பைவிடச் சின்ன எழுத்து. அதுவும் ஆங்கிலம். போதாததற்குக் கண்ட இடத்தில் விலைச்சீட்டு. யாரும் படித்துவிடக் கூடாது என்றே அச்சடிக்கிறார்களோ என்று இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஆனால் எரிச்சல்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். லேபிள்தான் என் பிழைப்பு. பெட்டியில் தப்பான லேபிள் ஒட்டிவிட்டால் உரிக்க மாட்டோம். அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டி லாரியில் ஏற்றிவிடுவோம். உரித்தால் அட்டையோடு பிய்த்துக்கொண்டு வரும், அப்படிப்பட்ட பசை.

என் மனைவி ஸ்டெல்லா அறிவியல் ஆசிரியை. நெடுஞ்சாலையை அகலப்படுத்த ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்த சமயத்தில் அவளுக்கு இரத்தக்கொதிப்பு என்று தெரிந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அவள் குறைக்கவில்லை, வீட்டைவிட்டே துரத்தினாள்! ஊறுகாய் போயிற்று. கருவாடு போயிற்று. ஆம்பூரில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் போயிற்று.

"உங்களுக்கு வேணும்னா மேல தூவிக்கோங்க" என்பாள். உப்பில்லாமல் வெந்த கறியில் மேலே தூவினால் ருசி வந்துவிடுமா? அவள் சப்பென்ற சோற்றைப் பிசைந்துகொண்டிருக்க, எதிரில் உட்கார்ந்து நான் மட்டும் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கவும் முடியவில்லை. சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு இருவரும் ஒன்றாக ருசித்துச் சாப்பிடும் ஒரே வேளை அது. அதுவும் கசந்துபோயிற்று.

அப்போதுதான் வேலூரில் புதிதாகத் திறந்திருந்த ஏ.சி. கடைக்குப் போனோம். குளிர்பெட்டியில் கோழிக்கறியை அரைத்துக் குழல்போல் உருட்டிய சாசேஜ் பாக்கெட்டுகள். வருகிறவர்களைக் கவனித்தேன். ஒரு அம்மா தேதியைப் பார்த்தார். ஒருவர் ஹலால் முத்திரையைத் தேடினார். மற்றவர்கள் விலையைப் பார்த்தார்கள். முன்பக்கத்தில் 'கொழுப்பு குறைவு' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் மறுபேச்சில்லாமல் கூடைக்குள் போட்டார்கள். பின்பக்கம் திருப்பியவள் ஸ்டெல்லா ஒருத்திதான். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துவதுபோல் வரிவரியாக விரலை ஓட்டினாள்.

"இன்னா டீச்சர், கோழிக்கும் பரீட்சை வெக்கிறீங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"வெச்சேன் பாய், ஃபெயிலாப் போச்சு. சோடியம், அதான் உப்பு, ரொம்ப ஜாஸ்தி" என்று திரும்ப வைத்துவிட்டாள்.

கடையே சிரித்தது. எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பாக்கெட்... ஒரு ஞாயிற்றுக்கிழமை... அதற்குக்கூடவா பஞ்சம்!

அடுத்த வாரம் தனியாகப் போய், அதே அளவு உப்புள்ள வேறொரு கம்பெனி பாக்கெட்டை வாங்கினேன். முன்பக்கத்து விலைச்சீட்டை மெதுவாக உரித்து, தொழிற்சாலைப் பசையைத் தடவி, பின்பக்கத்தில் சோடியம் இருந்த வரியின் மேல் ஒட்டினேன். கொஞ்சம் கோணலாகவே ஒட்டினேன். கடைக்காரர்கள் ஒட்டுவது அப்படித்தானே இருக்கும்? தொழில் தெரிந்தவன் அல்லவா நான்!

அவள் வழக்கம்போல் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சீட்டைச் சுரண்டினாள். அச்சோடு பிய்ந்து வந்தது.

"ஒட்டறதுக்கு வேற எடமே கெடைக்கலையா இவங்களுக்கு! எது வேணுமோ அதையே மறைச்சிட்டாங்க பாருங்க."

"நான் கடையிலயே படிச்சிட்டுத்தான் வாங்கினேன். இது வேற கம்பெனி. சோடியம் கம்மிதான்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "லேபிள் சமாச்சாரம் உங்களுக்குத் தெரியாததா" என்று வாணலியை அடுப்பில் வைத்தாள்.

முதல் துண்டை வாயில் போட்டதும், "உப்புக் கரிக்குதே..." என்றாள்.

"இத்தினி நாளா உப்பில்லாமத் தின்ன நாக்கு. எது தின்னாலும் கரிக்கத்தான் செய்யும்."

நம்பினாள். தன் நாக்கைவிட என்னை நம்பினாள்! அன்றைக்கு நாங்கள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். அதன்பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அதுதான். வீட்டுக்குக் கொண்டுவருமுன் ஒவ்வொன்றிலும் சீட்டை இடம் மாற்றினேன். பிறகு வார நாட்களிலும். அவள்மேல் வைத்த பாசத்தால் செய்தேன் என்று உங்களிடம் சொல்லிப் பார்க்கலாம்... பொய். என் நாக்குக்காகச் செய்தேன்.

ஒரு நாள் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அவள் கையிலிருந்து சாக்பீஸ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவளும் விழுந்தாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நின்று டாக்டர் அவள் என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். வாய் குழற, "உப்பு... சேக்கல டாக்டர். எல்லாம்... படிச்சுப் பாத்துதான்..." என்றாள்.

"இவ்ளோ கொதிப்பு சும்மா ஏறாதும்மா. படிச்சவங்க நீங்களே இப்படிப் பொய் சொன்னா நாங்க இன்னா பண்றது?"

அவள் என்னைப் பார்த்தாள். 'நீங்களாவது சொல்லுங்களேன்' என்கிற பார்வை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளாஸ்க் மூடியைத் திறந்து, மறுபடி மூடினேன். பொய்யே சொல்லத் தெரியாதவள் என் கண்முன்னால் பொய்க்காரி ஆனாள்.

பக்கவாதம் என்றார்கள். பேச்சு திரும்பிவிட்டது. வலது கை திரும்பவில்லை. வேலையை விட்டுவிட்டாள்.

அவள் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். படவில்லை. "நான்தாங்க எங்கியோ ஒரு வரிய சரியாப் படிக்காம விட்டுட்டேன். பசங்களுக்கு மட்டும் ஒழுங்காப் படி, ஒழுங்காப் படின்னு சொல்லுவேன்..." என்று தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள். அப்போதெல்லாம் நான் எழுந்து போய் அவள் மாத்திரையை எடுத்து வைக்கிறேன்.

இன்று காலையிலும் ஒரு பாக்கெட்டை இடது கையால் என் பக்கம் நகர்த்தினாள். மூக்குக்கண்ணாடி மேசைமேல்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"என் கண்ண இனிமே நான் நம்பறதா இல்ல. நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க" என்றாள்.

ஒரு வரி விடாமல் படித்தேன்.