வண்டிக்கு அடியில் விரித்த முட்டை அட்டைகள்

பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று முதலில் சொன்னவன் யாரோ, அவனை எங்கள் பிக்கப்புக்கு அடியில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. மேலே சொட்டு விழும்போதாவது அடுத்த கேள்வியைக் கேட்பான்: என்ன ஒழுகுகிறது, எங்கிருந்து ஒழுகுகிறது? இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஒழுகுவது சகஜம் என்று சொல்வதற்கு மட்டும் ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

நாமக்கல்லைச் சுற்றியிருக்கும் கோழிப் பண்ணைகளில் முட்டை எடுத்து, ராசிபுரம், தம்மம்பட்டி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துக் கடைகளுக்குப் போடுவது எங்கள் தொழில். வண்டி ஓட்டுவது கணவர். பக்கத்தில் உட்கார்ந்து போய், கடைக்குக் கடை இறங்கி முட்டையை இறக்கிக் கொடுப்பது நான். நாங்கள் வாங்கும்போதே அந்த வண்டி இரண்டு கை மாறியிருந்தது. ஆனாலும் உழைக்கிற வண்டி, அதைக் குறை சொல்ல மாட்டேன். என் குறையெல்லாம் அதைச் சுற்றி நின்ற மனிதர்கள்மேல்தான்.

வாசல் சிமெண்டுத் தரையில் கறுப்புத் திட்டு விழ ஆரம்பித்தபோது கணவர் அதன்மேல் மண்ணை அள்ளிப் போட்டார். மண் ஊறியதும் அதன்மேல் இன்னும் மண். "போச்சாது உடு புள்ள, ஊத்திக்கலாம்" என்பார். எஞ்சின் ஆயில் குறைந்தால் ஊற்றுவார், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஊற்றுவார். ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் சேந்துகிற வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று நான் சொன்னால், காதில் விழாத மாதிரி கண்ணாடியைத் துடைப்பார்.

தை பிறந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என் நாத்தனார் மகளுக்குக் கொல்லிமலைக் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். மலைக்குப் போவதென்றால் எங்கள் குடும்பத்தில் வேறு வண்டியே பேச மாட்டார்கள். பாத்திரம், அரிசி, கிடாய், அதோடு பெரியவர்கள், குழந்தைகள் எல்லாரும் எங்கள் பிக்கப்பின் பின்னால்தான். ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி வளைவுகள் உள்ள மலை அது. ஏறுவதை எஞ்சின் பார்த்துக்கொள்ளும், இறங்குவதற்குப் பிரேக் வேண்டும். எது ஒழுகுகிறது என்று தெரியாமல் ஒரு குழந்தையையும் அதில் ஏற்ற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சரி என்று ராசிபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். நான் வாய் வலிக்கச் சொன்னேன். அவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, பதிலைக் கணவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டியைக் கழற்றி, புதுப் பேக்கிங் வைத்து மாட்டினார். மறுநாள் காலை வாசலில் அதே திட்டு. அடுத்துப் போன மெக்கானிக் ரேடியேட்டருக்குள் ஒழுகல் நிற்கிற மருந்து என்று எதையோ ஊற்றினார். "வயசான வண்டிங்ணா. நமக்கே முட்டி வலிக்குது, அதுக்கு இருக்காதுங்களா?" என்று சிரித்தார். கணவரும் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கே கிடந்த ஸ்பேனரை எடுக்காமல் வந்ததே பெரிய விஷயம்.

எங்கள் வீட்டில் பஞ்சமில்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது கிழிந்த முட்டை அட்டை. காகிதக் கூழில் செய்தது, ஈரம் பட்டால் அப்படியே குடித்துக்கொள்ளும். ஒரு சாயங்காலம் லோடு இறக்கி வந்ததும், வண்டிக்கு அடியில் முன் பம்பரில் இருந்து பின் சக்கரம் வரை அட்டைகளை நெருக்கி விரித்தேன். எது எந்த இடத்தில் கிடந்தது என்று ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதியும் வைத்தேன். "வண்டி முட்டை போடும்னு பாக்கறயா?" என்று கணவர் கேலி செய்தார்.

காலையில் அட்டைகளை இழுத்துப் பார்த்தேன். முன்னால் கிடந்ததில் பச்சை வளையம், அது ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட். அதற்கடுத்து எஞ்சினுக்கு நேர் கீழே கறுப்பு, அது ஆயில். இவை இரண்டும் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது பின்பக்கம் இடது சக்கரத்தை ஒட்டிக் கிடந்த அட்டை. ஒரு மூலை நைந்து தொங்கியது, ஆனால் நிறம் என்று ஒன்றும் இல்லை. தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டியது.

"நாய் காலைத் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றார் கணவர்.

"நாய் போனா இப்படி வழுக்குமாங்க? தொட்டுப் பாருங்க."

"காலங்காத்தால நாய் மூத்திரத்தைத் தொடச் சொல்றயே" என்று உள்ளே போய்விட்டார்.

சரி, என் கைக்கு எட்டுவதை நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். பச்சைக்குக் காரணம் ரேடியேட்டர் குழாயில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. எஞ்சின் ஆறியிருந்த நேரத்தில் ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கினேன். மறுநாள் அந்த அட்டை காய்ந்து கிடந்தது. மருந்து ஊற்றிய புண்ணியவானுக்கு அந்தக் கிளிப் கண்ணில் படவில்லை. கறுப்புக்கு, எஞ்சினின் பக்கவாட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காயவிட்டு, மேலெல்லாம் முகப்பவுடரைத் தட்டினேன். சற்று நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு மேல் மூடியிலிருந்து இறங்கி வந்தது. மேலே ஒழுகுவதற்குக் கீழே பேக்கிங் மாற்றியிருக்கிறார்கள். ஓடு உடைந்து வீடு ஒழுகினால் தரையைப் பூசுகிற கொத்தனாரை யாராவது கூப்பிடுவார்களா?

மீதி இருந்தது அந்தப் பின்சக்கரம். அதை நான் கழற்ற முடியாது. அயோத்தியாப்பட்டணத்தில் ஆத்தூர் ரோட்டை ஒட்டி ஒரு பட்டறை இருக்கிறது, இருக்கிற அழுக்கோடு அப்படியே கொண்டுபோவோம், கை வைக்காதீர்கள் என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் பண்ணைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வண்டி வாசலில் ஜொலிக்கிறது. வாட்டர் சர்வீசுக்கு விட்டிருக்கிறார். கழுவியதோடு விட்டார்களா? எங்கள் பக்கத்து வழக்கப்படி, துருப் பிடிக்காமல் இருக்க அடிப்பாகம் முழுக்க ஆயிலை ஸ்ப்ரே அடித்து, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். எங்கே தொட்டாலும் ஆயில். எது ஒழுகியது, எது அடித்தது என்று ஆண்டவனே வந்தாலும் சொல்ல முடியாது.

"எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"ஆசுபத்திரிக்குப் போறப்பக் குளிச்சுட்டுப் போறதில்லையா? அழுக்கு வண்டியக் கொண்டுபோயி நிறுத்தினா நம்மளத்தான ஏளனமாப் பேசுவாங்க."

அன்று நான் அவருக்குச் சோறு போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

கோபம் தாங்காமல் செல்போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன். இடது பின்சக்கரத்தின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்தபோதுதான் தெரிந்தது. மற்றச் சக்கரங்களில் பெயிண்ட் ஒழுங்காக இருக்க, இதில் மட்டும் கொப்பளித்து, கைபட்டதும் தோலாக உரிந்து வந்தது. முன்பு ஒரு தடவை பிரேக் ஆயில் சிந்தி எங்கள் வண்டியின் முன்பக்கப் பெயிண்ட் இதே மாதிரி உரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். எஞ்சின் ஆயில் அப்படிச் செய்யாது. ஸ்ப்ரே அடித்தவனால் ஒழுகலை மறைக்க முடிந்தது, உரிந்த பெயிண்டைத் திரும்ப ஒட்ட முடியவில்லை. அந்த நிமிடம் எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது.

மறுநாள் லோடு ஏற்றாமல் பட்டறைக்குப் போனோம். மெதுவாகப் போகச் சொன்னேன், கணவர் மறுபேச்சில்லாமல் மெதுவாகவே ஓட்டினார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்தார். உள்ளே பிரேக் லைனிங் ஆயிலில் ஊறிப்போய் இருந்தது. வீல் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் கிழிந்து, மிதிக்க மிதிக்க ஆயில் வெளியே வந்திருக்கிறது. பிறகு அவர் பானெட்டைத் தூக்கிப் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, இவ்ளோ ஒழுகியிருக்கு, டப்பா காலியா இல்ல இருக்கணும்? நெறைய இருக்குதே. யார் ஊத்துனது?"

நான் ஊற்றவில்லை. கணவர் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தார்.

"பிரேக் எப்படி இருந்துச்சுண்ணே?"

"ஒரு மிதிக்கு உள்ள போயிரும்ங்க. ரெண்டாவது மிதிக்குப் புடிச்சுக்கும்" என்றார் கணவர். டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று சொல்கிற குரல்.

"எத்தனை நாளா?"

"ஆடிக்கு முன்னாலருந்தே அப்படித்தானுங்க."

ஆடியில்தான் நாங்கள் மலைக்குப் போனோம். பின்னால் அவருடைய அக்கா குடும்பம், தம்பி குடும்பம், சின்ன நாத்தனார், அவள் மடியில் இந்தக் காதுகுத்துக்காரக் குழந்தை. முன்னால் நானும் என் மகளும். ஒவ்வொரு வளைவிலும் எங்கள் எல்லாரையும் முதல் மிதிக்குக் கைவிட்டு, இரண்டாவது மிதிக்குப் பிடித்து இறக்கியிருக்கிறார். தெரிந்தே செய்திருக்கிறார். தெரிந்துகொண்டேதான் அட்டையைப் பார்த்து நாய் என்றார். வாட்டர் சர்வீசுக்கு விட்டதும் சுத்தத்துக்குத்தானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, கேட்டால் பதிலைத் தாங்க வேண்டும்.

"ஏனுங்க சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னா நீ ஏற மாட்டயே" என்றார்.

புது ரப்பர் போட்டு, லைனிங் மாற்றி, மேல் மூடிக்குப் பேக்கிங்கும் வைத்தார்கள். கடைசியில் பிரேக் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற, ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். கணவர் கதவைத் திறக்கப் போனார். நான் அவரைத் தள்ளிவிட்டு ஏறினேன். "மிதிங்கக்கா. மிதிங்க. புடிச்சுக்குங்க. உடுங்க" என்று கீழிருந்து குரல் வந்தது. முதலில் பெடல் என் காலுக்கடியில் சொதசொதவென்று தரைவரை போனது. இதை நம்பித்தான் இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு போயிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் முதல் மிதிக்கே கல் மாதிரி நின்றது.

காதுகுத்துக்கு வருகிற சொந்தக்காரர்களைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டேன். சரக்கு வண்டியில் ஆளை ஏற்றுவதே இனி இல்லை என்றேன். வண்டி வைத்திருக்கிற திமிர் என்று நாத்தனார் வீட்டில் பேசினார்கள், காரணத்தை நான் சொல்லவில்லை. பாத்திரங்களோடு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம்.

இறங்கும்போது முதல் வளைவில் அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி சட்டென்று பிடித்தது. பிடித்த பிறகும் கால் இன்னொரு தடவை மிதித்தது. அண்டா உருண்டு கேபினில் மோதியது. அடுத்த வளைவிலும் அதே இரண்டு மிதி.

"ஒண்ணு போதும்ங்க" என்றேன்.

"தெரியுது. கால் கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பம் மொத்தத்தின் உயிரும் அத்தனை மாதம் அந்த இரண்டாவது மிதியில் இருந்தது. அது தெரிந்த ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.