கம்பெனி கேட்டுக்கு வெளியே

கறுப்புத் துணியை மடித்துப் பிடித்த விரல்கள் தையல் மிஷின் ஊசியின் கீழே மெல்ல நகர்ந்தன. வக்கீல் அங்கியின் கடைசி மடிப்பு அது. அதை வாங்கிப்போக, மண்ணூர்பேட்டையில் ரோஸியின் தையல் கடைக்கு வக்கீல் தேவிப்பிரியா வந்து காத்திருந்தாள்.

ரோஸியின் கணவர் ஜேசுராஜ், டீ குடிக்கக் கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்தபோது லாரி மோதி இறந்தவர். ரோஸிக்காக நஷ்டஈட்டு வழக்கை நடத்தியவள் தேவிப்பிரியாதான். அன்று காலை தீர்ப்பு வந்திருந்தது.

"வேலையின்போது செத்தாதான் நஷ்டஈடுன்னு சட்டம் சொல்லுதுக்கா. கேட்டைத் தாண்டினா அது வேலை இல்லன்னு ஜட்ஜ் அர்த்தம் பண்ணிட்டாரு."

"உள்ள கேன்டீனை மூடுனது கம்பெனி. டீக்கு மணி அடிச்சதும் கம்பெனி. மனுசன் ஊர் சுத்தவா போனாரு? நான் தச்சுக் குடுத்த யூனிபார்மோடதானேம்மா ரோட்டுல கெடந்தாரு!" ரோஸி மிஷினை நிறுத்தினாள். "காய்ச்சல்லகூட லீவு போடாத ஆளும்மா. அவரைப் போயி, வேலைய வுட்டுட்டுப் போனவருன்னு எழுதிட்டாங்களே."

"அப்பீல்ல அதைத்தான்கா கேப்பேன்."

ரோஸி நூலைக் கடித்து அறுத்தாள். அங்கியை உதறி, தோளில் ஒட்டியிருந்த பிசிறைத் தட்டிவிட்டு, நீட்டினாள்.

"இதைப் போட்டுகினு போய்க் கேளும்மா."