பதினொரு குதிரைகளுக்கு ஒரு லைஃப் சர்டிபிகேட்

என் மேசையில் ஒரு குதிரையின் படம் இருக்கிறது. முதுகு பள்ளம் விழுந்து, முகமெல்லாம் நரைத்த கிழட்டுக் குதிரை. வாயோரம் புல் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எனக்கு ரேஸ் பைத்தியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் குதிரையைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் ஹைதராபாத்தில் ஏசி அறையில் உட்கார்ந்தபடி இந்தக் குதிரையை ஒருமுறை கொல்லப் பார்த்தேன்.

திருநெல்வேலியிலிருந்து வந்து மாதாப்பூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஆண் குதிரைகளை இனவிருத்திக்காகப் பொலிக்கு விடும் வெளிநாட்டுப் பண்ணை ஒன்றின் பதிவேடுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். எந்தக் குதிரைக்கு எந்த வருடம் எத்தனை குட்டிகள் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். சில குதிரைகளுக்கு மட்டும் அந்த வரிசை பாதியில் நின்றிருந்தது. மென்பொருளோ 'நிலை' என்ற கட்டத்தைக் காலியாக விட ஒப்பாது. நான் ஒரு விதி எழுதினேன்: ஐந்து வருடம் பொலி இல்லையென்றால் 'இறந்தது'. பதினொரு குதிரைகள் ஒரே நொடியில் செத்தன. திருப்தியாக டீ குடிக்கப் போனேன்.

எங்கள் வேலையைச் சோதித்துப் பார்ப்பவர் ஒரு மேடம். அந்த ஊரிலேயே மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர். நான் திரும்பி வந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"செத்துச்சுன்னு யாரு போய்ப் பாத்தாங்க?"

"பொலி நின்னுபோச்சே மேடம்."

"எங்கப்பா ஒர்க்‌ஷாப்ல ரிடயர் ஆயி பத்து வருஷம். வேலைக்குப் போகலேன்னா செத்துட்டார்னு போட்டுருவியா? நக்கோ பாபு, வேணாம். வருஷா வருஷம் நவம்பர்ல பேங்குக்குப் போயி, உசுரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வராரு. அந்த லைஃப் சர்டிபிகேட்ட இதுங்களுக்கும் கேளு."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒப்படைக்க இரண்டு நாள்தான் இருந்தது. வெள்ளைக்காரன் சிரிப்பான் என்று முனகினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல், இந்தப் பதினொன்றையும் யாராவது நேரில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று நின்றபடியே எழுதி அனுப்பினேன்.

பண்ணையிலிருந்து ஒரு பெண் பதில் எழுதினார். பொலி ஓய்ந்த குதிரைகளைத் தூரத்துச் சிறு பண்ணைகளில் விட்டிருக்கிறார்களாம். இனி எங்கள் பட்டியலைப் பார்த்துத்தான் அவற்றுக்குத் தீவனமும் வைத்தியமும் கிடைக்கும். அதிலிருந்து பெயர் போய்விட்டால் வைத்திருப்பவர் எத்தனை நாள் சும்மா தீனி போடுவார்? சந்தைக்கு ஓட்டிவிடுவார். கிழட்டுக் குதிரையைச் சந்தையில் வாங்குவது கசாப்புக்காரர்தான்.

அவர்கள் நேரில் பார்த்ததில் உண்மையில் செத்துப்போனவை இரண்டுதான். மற்ற ஒன்பதும் இருந்தன. அதில் மூத்ததை அன்று காலையில் எடுத்த படம்தான் இது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

"எங்கப்பா மாதிரியே முறைக்குது பாரு" என்று மேடம் சிரித்தார்.

அந்தக் குதிரை இன்று இருக்க வழியில்லை. நான் சென்னைக்கு வந்துவிட்டேன். மேடமும் ரிடயர் ஆகிவிட்டார். நவம்பர் வந்தால் அவருக்கு போன் செய்வேன். இந்த வருடம் நான்கு தடவை அடித்தும் எடுக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த விதியும் எழுதத் தைரியமில்லை. ஐந்தாவது தடவை எடுத்தார்.

"மேடம், இருக்கீங்களா?"

"ஹவ் பாபு, ஆமா, இருக்கேன். வாயில சோறு. இரு, மென்னுட்டுப் பேசறேன்."