உண்மை பேசும் கடையில் வெந்நீர்த் தொட்டி

ஆர்வோ மட்டிலாவின் அடுப்புக் கடையில் ஒரு பொருளை வாங்க வேண்டுமென்றால் முதலில் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டும். வீட்டைச் சூடாக்கும் பெரிய விறகடுப்பைக் காட்டி விலை கேட்டால், "உன் வீட்டுக்கு எதுக்கு இவ்வளவு பெருசு? வெந்து சாகப் போறியா? சின்னதை எடு" என்பார். சின்னதை எடுத்தால், "குளிர்ல இதோட கதவு கொஞ்சம் மக்கர் பண்ணும், பரவாயில்லையா?" என்பார். வருஷத்தில் ஆறு மாதம் பனியை வாரிக் கொட்டுவதையே உடற்பயிற்சியாகவும் பொழுதுபோக்காகவும் வைத்திருக்கும் அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஹெர்ரிங் பாயின்ட் ஊர் ஜனங்கள், நாற்பது வருஷமாக இந்த மனுஷனிடம்தான் அடுப்பு வாங்கினார்கள். திட்டு வாங்கிக்கொண்டு வாங்கினால்தான் அவர்களுக்கு அது நல்ல அடுப்பு.

பிறகு நெடுஞ்சாலையோரம் ஒரு பெரிய கடை வந்தது. அங்கே அடுப்பு பாதி விலை, பொய் இலவசம். ஊர்க்காரர்கள் ஆர்வோவின் நேர்மையை வாயாரப் புகழ்ந்துகொண்டே அங்கே போய் வாங்க ஆரம்பித்தார்கள்.

கடையைத் தூக்கி நிறுத்தப் புறப்பட்டவள் மகள் ஐலா. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது மில்வாக்கி நகரத்தில் பார்த்துக்கொண்டிருந்த இன்சூரன்ஸ் வேலையை விட்டு வந்தவள். அம்மா போன பிறகும் அப்பாவைத் தனியாக விட்டுப்போக மனமில்லாமல் தங்கிவிட்டாள். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் வழவழப்பான படங்களை எடுத்துப் பரப்பினாள். எல்லாப் படத்திலும் பனிக்கு நடுவே ஒரு வெந்நீர்த் தொட்டி. அதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நாலு பேர். ஒருநாளும் மண்வெட்டி பிடித்துப் பனி வாராத முகங்கள்.

"அடுப்பு வாங்கினவன் முப்பது வருஷத்துக்குத் திரும்பி வர மாட்டான்பா. நீ அவ்வளவு ஒழுங்கா வித்துத் தொலைச்சிருக்க. தொட்டி வாங்கினவன் மாசாமாசம் வருவான். தண்ணிக்கு மருந்து, ஃபில்டர், மூடி, ரிப்பேர். ரிப்பேரை நானே கத்துக்கறேன்" என்றாள்.

ஆர்வோ படங்களைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். எங்கள் பாட்டன்மார் பின்லாந்திலிருந்து வந்து இறங்கியதும் வீடு கட்டுவதற்கு முன்னால் சௌனா கட்டியவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் மரக்கொட்டகைக்குள் மேல்பலகையில் உட்கார்ந்து, பழுக்கக் காய்ந்த கல்லில் தண்ணீரை வீசி, ஆவியில் வெந்து, அழுக்குத் தேய்த்து எழுந்து வந்தால்தான் மனுஷன். அந்த ஜாதியிடம் போய், அடுத்தவனோடு ஒரே தண்ணீரில் ஊறிக் கிட என்று சொல்வதா?

"விக்கறேன். ஆனா நான் அதுல உக்கார மாட்டேன். வெந்நீர்ல உக்கார்றது உருளைக்கிழங்கு" என்றார் ஆர்வோ.

அடுப்புகளை ஓரங்கட்டிவிட்டு மூன்று தொட்டிகள் வந்து இறங்கின. ஐலா பயிற்சிக்குப் போய்வந்து, பம்பைக் கழற்றி மாட்டவும் ஹீட்டரைச் சரிபார்க்கவும் கற்றுக்கொண்டாள். கடைப் பெயர் போட்ட நீலச் சட்டைகூடத் தைத்துக்கொண்டாள். முதலில் வந்தவர்கள் ஏரிக்கரையில் விடுமுறை வீடு வைத்திருக்கும் சிகாகோ தம்பதி. ஐலா ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசி அவர்களைக் கனியவைத்தாள். கணவர் பர்ஸை எடுத்துவிட்டார். அப்போதுதான் ஆர்வோ பின்னாலிருந்து திருவாய் மலர்ந்தார்.

"வருஷத்துல எத்தனை நாள் இங்க இருப்பீங்க?"

"நாலு வாரம் இருப்போம்."

"அப்ப மிச்ச நாளெல்லாம் யாருக்கு வெந்நீர் போடறீங்க? பேய்க்கா? கரன்ட் போச்சுன்னா குழாயெல்லாம் உறைஞ்சு வெடிக்கும். வேணாம், விட்டுடுங்க."

யானையைக் கட்டித் தீனி போடுவதிலிருந்து காப்பாற்றிய புண்ணியவானுக்கு அவர்கள் கைகுலுக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு கூடைப் பழம்கூட அனுப்பினார்கள். பழம் நன்றாகத்தான் இருந்தது. ஐலா ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அடுத்து வந்தவர் ரூடி சிப்போலா, ஆர்வோவின் சனிக்கிழமை சௌனாக் கூட்டாளி. வாங்குவதற்கு முன் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஐலா கடை வாசலில் எழுதி வைத்திருந்தாள். ரூடிக்கு வாங்கும் எண்ணம் எள்ளளவும் இல்லை, உட்கார்ந்து பார்க்கும் எண்ணம் மட்டும் நிறைய இருந்தது. துண்டோடு வந்தவரை ஐலா சந்தோஷமாகத் தொட்டியில் இறக்கிவிட்டு, போன் அடிக்கிறதே என்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ரூடியின் தலை மட்டும் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே ஒரே நுரை. தொட்டி விளிம்பைத் தாண்டி, தரையில் வழிந்து, அடுப்புகளின் காலை நனைத்துக்கொண்டிருந்தது.

"மாமா! சோப்பா போட்டீங்க?"

"பின்னே? வெந்நீர்ல இறங்கிட்டு சோப்புப் போடாம வர்றதுக்கு நான் என்ன பன்னியா? டேய் ஆர்வோ, நீயே சொல்லுடா. அழுக்குப் போகாத தண்ணில எதுக்குடா உக்காரணும்?"

"நியாயம்தானே!" என்றார் ஆர்வோ, கடையே கேட்க. இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

ஐலா மண்டிபோட்டு உட்கார்ந்து தண்ணீரை வடித்தாள். சாயங்காலம் வரை குழாய்களைக் கழுவினாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"மில்வாக்கி ஆபீஸ்ல திரும்பக் கூப்பிடறாங்கப்பா. பனித் திருவிழா வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கும் ஒண்ணுகூடப் போகலைன்னா தொட்டியெல்லாம் திருப்பி அனுப்பிட்டு நான் கிளம்பறேன்."

ஆர்வோ கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். மகளும் போய்விட்டால் இந்த மேஜையில் அவருக்கு எதிரே ஒரு காலி நாற்காலிதான் மிஞ்சும். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் மனசில் இருப்பதைச் சொல்ல எங்கள் ஊர் ஆண்களுக்கு வாய் வருமா? பாசத்தைக்கூட வண்டி ரிப்பேர் மாதிரிதான் பேசுவார்கள்.

"ரோடெல்லாம் வழுக்கும். டயரை மாத்திட்டுப் போ" என்றார். ஐலா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பனித் திருவிழா அன்று ஊரே கடைத்தெருவில் கூடியது. மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயம் நடந்தது. உறைந்த ஏரியில் ஓட்டை போட்டுக் குதித்து, நீலம் பாரித்து எழுந்தவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. ஐலா கடை வாசலில் தொட்டியை நிரப்பி, மூடியைத் திறந்து, ஆவி பறக்க வைத்திருந்தாள். பனிக்கட்டித் தண்ணீரில் குதிப்பது வீரம், வெந்நீரில் உட்காருவது வெட்கக்கேடு என்று நினைக்கும் கனவான்கள் சுற்றிலும் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "சூப்பு ரெடியா?" என்றார் ரூடி. கூட்டம் சிரித்தது.

ஐலாவும் சிரித்தபடியே விளக்கம் சொன்னாள். போகப் போக அவள் குரல் மெலிந்தது. கடைசியில் மேஜைமேல் இருந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

கடை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஆர்வோ அதைப் பார்த்தார். உள்ளே போனார். வெளியே வந்தபோது இடுப்பில் ஒரு பழைய அரைக்கால்சட்டை, காலில் பனிபூட்ஸ். தெருவே திரும்பிப் பார்த்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் இறங்கி உட்கார்ந்தார்.

அவர் எதிர்பார்த்ததைவிட மோசமாகவே இருந்தது. மருந்து நெடி மூக்கில் ஏறியது. முதுகில் ஏதோ ஒன்று விடாமல் இடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"எப்படிடா இருக்கு?" என்றார் ரூடி.

ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. தன் கடைச் சரக்கைத் தானே குறை சொல்லும் மனுஷன் இவர்.

"நல்லாருக்கு" என்றார் ஆர்வோ.

கூட்டத்தில் சலசலப்பு. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "முதுகு வலியே போயிடுச்சு" என்று இன்னொன்றையும் சேர்த்தார். அவருக்கு முதுகு வலி வந்ததே இல்லை.

ரூடியின் மனைவி ஹெல்மி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சௌனா மேல்பலகையில ஏறி ஒரு வருஷமாச்சு ஆர்வோ, முட்டி மடங்க மாட்டேங்குது. இதுக்கு ஆகுமா?"

"அது எனக்குத் தெரியாது. ஐலாவைக் கேளு, அவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

ஐலா துண்டை எடுத்துக்கொண்டு அப்பா பக்கம் குனிந்தாள். அவள் குரல் அவருக்கு மட்டும்தான் கேட்டது.

"பொய்தானேப்பா சொல்ற?"

"ஆமா" என்றார் ஆர்வோ. அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. "நீ போகாத."

ஐலா துண்டை அவர் தோளில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஹெல்மியிடம் திரும்பினாள்.

"முட்டிக்கு இதமா இருக்கும் அத்தை. செவ்வாய்க்கிழமை கொண்டு வந்து வைக்கிறோம். அப்புறம் மாசாமாசம் நானே வந்து தண்ணியைப் பாத்துக்கறேன்."