நைலான் போடாத போர்மேனும் ஓசி விசிலும்

படகுச் சாமான் வியாபாரத்தில் பொருளை விற்பது சுலபம், அது எதற்கு என்று புரியவைப்பதற்குள்தான் தொண்டை வறண்டுவிடும். கடைப்பலகைக்குப் பின்னால் நின்று, வாங்க வந்தவரின் நல்லதுக்காகவே அவரோடு சண்டை போட்டுக் கெட்ட பேர் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே சாதி.

கிலோ என்ன விலை?

சிவகாசியில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு கடை. பட்டாசுக் கம்பெனிகளுக்கு மணல் வாளி, ரப்பர் விரிப்பு, பருத்திச் சீருடை விற்கிற கடை. ஒரு அலமாரியில் மட்டும் படகுச் சாமான்: லைஃப் ஜாக்கெட், மிதவை வளையம், கயிறு, டார்ச், சைகை காட்ட வெயிலைத் திருப்பி அடிக்கிற கண்ணாடி. வாரம் முழுக்க மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் எனக்குச் சனிக்கிழமைகளில் அந்த அலமாரிதான் பொறுப்பு. காலேஜ் பட்டிமன்றத்தில் வாங்கிய கோப்பை அதே அலமாரியின் மேல்தட்டில் இருப்பது தற்செயல்.

நடுத்தண்ணீரில் மாட்டிக்கொண்டவர்கள் கையில் பிடித்துக் கொளுத்த ஃபிளேர் என்று ஒன்று உண்டு. இருட்டில் சிவப்பு வெளிச்சம், பகலில் ஆரஞ்சுப் புகை. ஊர் பேர் சிவகாசி என்பதால் அது இங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும் என்று நம்பி வருகிறார்கள். ராஜபாளையத்திலிருந்து வந்த ஒருவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அதை நாங்கள் கடையில் வைப்பதில்லை, உரிமம் உள்ள இடத்துக்கு ஆர்டர் எழுதி வரவழைப்போம், மேலே காலாவதித் தேதி இருக்கும், தேதி போனால் மாற்றிவிட வேண்டும் என்றெல்லாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரி தங்கச்சி, போன தீவாளிக்கு மிஞ்சுனது ஏதும் கெடந்தா கிலோ போட்டுக் குடுங்களேன்."

நீல ஜாக்கெட்

ஏதோ அணைக்கட்டுப் பக்கம் புதிதாகப் படகு விடப் போகிற விடுதி மேனேஜர் ஒருவர் வந்தார். நாற்பது ஜாக்கெட் வேண்டும், எல்லாம் ஒரே அளவு, எல்லாம் நீலம். ஆரஞ்சு நிறம் கல்யாண ஜோடிகளின் போட்டோவைக் கெடுக்கிறதாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆளின் எடைக்குத் தக்கபடிதான் ஜாக்கெட் என்றேன். அத்தாவையே நிற்க வைத்து ஒன்றை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துக் காட்டினேன். ஜாக்கெட் காதைத் தாண்டிப் போய் அத்தாவின் தாடி உள்ளே மறைந்தது. "பாத்தீங்களா? இது இவருக்குப் பெரிசு. தண்ணியில விழுந்தா ஜாக்கெட் மிதக்கும், ஆள் உள்ளே போயிருவார்" என்றேன். அத்தா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து இருமினார். "சரி, அளவை விடுங்க. நீலத் தண்ணியில நீல ஜாக்கெட்டை எங்கே போய்த் தேடுவீங்க சார்?" என்று என் கடைசிக் கேள்வியையும் போட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "மேடம், எங்க டேம்ல தண்ணி பச்சை."

ஏழாவது நாள்

எஸ்தர் டீச்சர் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். அவரும் ஒரு சனிக்கிழமைதான் வந்தார். எதையும் எடுத்துப் பார்க்காமல் அலமாரியையே வெறித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்ன பிறகு விஷயம் வந்தது. அவர் வீட்டுக்காரர் டேனியல், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு வாணக் கம்பெனியில் போர்மேன். கடற்கரை ஊரில் இருக்கிற டீச்சரின் தம்பி ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கியிருக்கிறான். அன்றிலிருந்து ஞாயிறானால் மச்சானும் மச்சானுமாகக் கடலுக்குள் போய்விடுகிறார்களாம். மீன் பிடிக்க இல்லை, சும்மா காற்று வாங்க. படகில் ஒரு ஜாக்கெட் கிடையாது, கயிறு கிடையாது.

"அந்தப் பக்கத்து ஆளுக ஞாயித்துக்கிழம பூசைக்குப் போவாக, தொழிலுக்குப் போக மாட்டாக. கடல்ல ஈ காக்கா இருக்காது. இவுக கூப்புட்டா யாரு வருவா?" என்றார். நியாயமான கேள்வி. இரண்டு ஜாக்கெட்டை எடுத்து வைத்தேன். அவர் ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு அதன் பட்டையை மெல்ல நீவியபடி சொன்னார்: "ஆறு நாளும் வெடிமருந்துக்குள்ள கெடக்காக, அதுக்குக்கூட நான் பயந்ததில்ல. இந்த ஏழாவது நாளுக்குத்தான் வாரம் பூரா பயந்து கெடக்கேன்."

பூரா நைலான்

அடுத்த சனிக்கிழமை அந்த டேனியலே வந்தார், இரண்டு ஜாக்கெட்டையும் திருப்பிக் கொடுக்க. மேசையில் வைத்துவிட்டு, "பாய், இது பூரா நைலான்" என்று அத்தாவிடம் குற்றப்பத்திரிகை வாசித்தார். உரசினால் பொறி பறக்கும் என்று, கம்பெனி வாசலில் நைலான் சேலை கட்டி வந்த பெண்ணை வேனிலேயே திருப்பி அனுப்புகிறவர். ஒவ்வொரு ஆளும் செருப்பைக் கழற்றி, செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலிருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று நிற்கிறவர். அவரே நைலான் உடுத்துவதா?

"அண்ணாச்சி, அங்கன உங்க எதிரி நெருப்பு. இங்கன தண்ணி. எதிரி மாறினா சட்டையும் மாறணுமா இல்லையா?" என்றேன். பட்டிமன்றமாக இருந்தால் கைதட்டல் விழுந்திருக்கும். டேனியல், "பேச்சு நல்லாருக்கு பாப்பா" என்றார். இருபத்து மூன்று வயதில் பாப்பா! விடுவேனா? ஃபிளேர் ஆர்டர் எழுதட்டுமா என்றேன். சிரித்துவிட்டார். அவர் கையால் மருந்து கட்டிய வாணம் மூன்று எடுத்துப் போகிறாராம், மேலே போனால் பச்சையும் தங்கமுமாகக் குடை விரிக்குமாம். பெட்ரோல் என்ஜின் பக்கத்தில் வாணமா என்றேன். எவர்சில்வர் தூக்குவாளியில் வைத்து மூடியிருப்பேன் என்றார். "அழகா வெடிச்சா ஆளுக வேடிக்கைதான் பார்ப்பாக அண்ணாச்சி. ஆபத்துன்னு யாருக்குத் தெரியும்?" என்று இரண்டு மணி நேரம் மன்றாடினேன். கடைசியில் டீச்சர் முகத்துக்காக ஜாக்கெட்டுகளை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார், உட்காருவதற்கு மெத்தென்று இருக்கும் என்று.

கிளம்பும்போது அத்தா எழுந்துபோய் ஒரு விசிலைக் கயிற்றோடு அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். எது வாங்கினாலும் ஒரு விசில் ஓசி, அது அத்தாவின் வழக்கம். ஓசியில் கொடுத்தால் அதற்கு மதிப்பிருக்காது என்று நான் பல முறை சண்டை போட்டிருக்கிறேன். டேனியல் மட்டும் விசிலைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். இடி இடித்தால் கம்பெனியில் விசில் ஊதித்தான் எல்லாரையும் வெளியே வரச் சொல்வாராம். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்: "எங்க வாணத்தப் பாத்துட்டு யாரும் தலைய நிமுத்தாமப் போனதில்ல பாப்பா."

கைதட்டு

மூன்று வாரம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். டீச்சர் முகத்தில் சிரிப்பு இருந்தது. டேனியல் நேரே என்னிடம் வந்து, "ஆர்டர் எழுதுங்க. செவப்பு நாலு, ஆரஞ்சுப் பொக நாலு" என்றார். நான் ஆர்டர் புத்தகத்தை எடுத்தேன். ஏன் என்று கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

டீச்சர்தான் சொன்னார். ஞாயிறு சாயங்காலம் என்ஜின் விசிறியில் பழைய வலைக் கயிறு சுற்றிப் படகு நின்றுவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை. கரை கண்ணுக்குத் தெரிகிறது, படகோ காற்றில் ஒதுங்கிக்கொண்டே போகிறது. லேசாக இருட்டியதும் டேனியல் முதல் வாணத்தை விட்டிருக்கிறார். அன்றைக்குக் கரையில் மாதா கோயில் திருவிழா. பச்சையும் தங்கமுமாகக் குடை விரிந்ததும் கரை முழுக்கக் கைதட்டல், விசிலடிப்பு. இரண்டாவதை விட்டார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். மூன்றாவதுக்கு யாரோ, 'இன்னொண்ணு!' என்று கத்தியது காற்றில் கேட்டதாம். அப்புறம் விட வாணம் இல்லை. அப்போதுதான் டேனியல் உட்கார்ந்திருந்த ஜாக்கெட்டை உருவி, மச்சானுக்கு ஒன்றை மாட்டி, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு பட்டையை இறுக்கியிருக்கிறார். பிறகு விசில். கம்பெனியில் இடிக்கு ஊதுவது போலவே நீட்டி மூன்று, நிறுத்தி மூன்று. திருவிழாச் சத்தத்தைவிட்டு ஒதுக்குப்புறமாக வள்ளத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்த இரண்டு பேர் காதில் அது விழுந்திருக்கிறது. வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். அதில் ஒருவர் முதல் கேள்வியாகக் கேட்டாராம்: "நடுக்கடல்ல எந்த டிராபிக் போலீஸ் விசில் ஊதுதான்னு பாக்க வந்தோம், நீங்கதானா?"

எல்லாரும் சிரித்தோம். டேனியலும் சிரித்தார். பிறகு கழுத்தில் இன்னமும் தொங்கிய விசிலைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு பேனாவை வாங்கினார். ஆர்டர் சீட்டில் கையெழுத்துப் போடும்போது, என் முகத்தைப் பார்க்காமல், மெல்லச் சொன்னார்: "இருபது வருசமா வாணம் செய்றேன். கைதட்டுறத கேட்டு அழுதது அன்னிக்கு ஒருநாத்தான் தங்கச்சி."

அத்தாவின் கணக்கு

பாப்பா தங்கச்சி ஆனதை நான் கவனிக்காமல் இல்லை. அவர்கள் போனதும் அத்தாவிடம் திரும்பி, "பாத்தீங்களா அத்தா? ஆபத்துக்கு அழகு ஆகாதுன்னு நான் சொன்னேனா இல்லையா?" என்றேன். அத்தா புது விசில் பெட்டி ஒன்றைப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே பதில் சொன்னார்: "நீ ரெண்டு மணி நேரம் பேசி அந்த மனுசங்கிட்ட ஒரு ஃபிளேர் விக்கலயே தாயி, நான் வாயத் தொறக்காமக் குடுத்ததுதான கரை சேத்துச்சு."

அதனால் இப்போதும் வருகிற ஒவ்வொருவரிடமும் என் வாதம் முழுவதையும் ஒன்று விடாமல் எடுத்து வைக்கிறேன், ஆனால் அதைத் தொடங்குவதற்கு முன்பே அவர் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிடுகிறேன்.